சுங்கை நிபோங், ஆகஸ்ட் 2013

தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிற்றோடு பாசாருக்குப் போகும் வழக்கம் பினாங்குத் தமிழ்ப் பெண்களுக்கு இந்த நூற்றாண்டில்தான் வந்தது. கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்தில்தான் நகையை எடுத்து மாட்டுவோம். கிளம்பும் முன் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்வோம். கைப்பையைச் சாலைப் பக்கம் மாட்டக் கூடாது என்று வயதுக்கு வந்த பெண்ணுக்குச் சொல்லும் புத்திமதிகளில் ஒன்றாகச் சேர்த்தோம். நடைபாதை ஓரமாகக் கம்பித் தடுப்பு வந்தது. ‘ஆவாஸ் ராகுட்’ என்று வழிப்பறி எச்சரிக்கைப் பலகை வந்தது. தாமான் குடியிருப்பு வாசல்களில் எண்ணெய்ப் பீப்பாயில் சிமெண்டு ஊற்றி நிறுத்தினார்கள். பிறகு ஏற்றி இறக்கும் கம்பி, அதன் பக்கத்தில் ஒரு குடிசை, அதற்குள் ஒரு நேப்பாளக் காவலாளி. வீட்டுக்கு இவ்வளவு என்று மாதா மாதம் வசூல் நடந்தது. பணம் உள்ள தாமானுக்குக் காவலாளி கிடைத்தார். எங்களைப் போல அடுக்குமாடியில் இருந்தவர்களுக்கு வாசலில் இரண்டாவது இரும்புக் கதவு கிடைத்தது.

என் அம்மாவின் சங்கிலி சௌராஸ்தா பாசாருக்குப் பக்கத்துத் தெருவில் 2011இல் போனது. கெம்போங் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு மோட்டார், அதில் இரண்டு பேர். பின்னால் உட்கார்ந்திருந்தவன் இழுத்தான். பழைய காலத்துச் சங்கிலி, கெட்டியானது, உடனே அறுபடவில்லை. எழுபது வயது தாண்டிய அம்மா சங்கிலியோடு சேர்ந்து சில அடி தூரம் இழுபட்டுப் போய் விழுந்தார். சாமான் கடைச் சீன அம்மா ஓடி வந்து தன் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டார். ஆனால் அம்மாவால் எழுந்து உட்காரவே முடியவில்லை. அந்த வழியாகப் போன ஒரு மலாய்ப் பையன் ஆம்புலன்சுக்கு அடித்துவிட்டு, அது வரும்வரை வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றானாம். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஜெனரல் ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். கழுத்தைச் சுற்றிச் சங்கிலி அறுத்த தடம் சிவப்பாக இருந்து, கறுத்து, கடைசியில் ஒரு மெல்லிய கோடாக நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அம்மா கைத்தடி இல்லாமல் நடந்ததில்லை. தனியாக வெளியே போனதும் இல்லை.

ரிப்போர்ட் கொடுக்கப் போன போலீஸ் பலாயில் எழுதிக்கொண்டவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன இனம்?” அம்மா சொன்னதை நான் அப்படியே மொழிபெயர்த்தேன்: ஹெல்மெட் போட்டிருந்தான், கண்ணாடியை இறக்கி விட்டிருந்தான், எனக்கு எப்படித் தெரியும்? அவர் விடவில்லை. “இந்தியனா?” என்று மறுபடி கேட்டார். அதற்கும் அம்மா தெரியாது என்றார். ரிப்போர்ட்டின் நகல் கிடைத்தது. சங்கிலி கிடைக்கவில்லை. யாரும் பிடிபட்டதாகவும் தகவல் இல்லை.

பயத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனித உரிமை பேசுகிறவர்களுக்கு வழிப்பறியின் வலி தெரியாது என்று ஒரு பேச்சு உண்டு. எனக்குத் தெரியும். என் வீட்டுக் கட்டிலில் அது படுத்திருந்தது.

2013 இந்தப் பயத்தின் உச்சம். ஏப்ரல் மாதம் புத்ராஜெயாவில் சுங்கத் துறையின் துணைத் தலைமை இயக்குநர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 27 அன்று பகாவ் நகரில் குற்றக் கண்காணிப்பு அமைப்பு நடத்திய ஸ்ரீ சஞ்சீவன் சுடப்பட்டு உயிர் பிழைத்தார். இரண்டு நாள் கழித்துக் கோலாலம்பூரில் வங்கி நிறுவனர் ஹுசேன் நஜாடியைச் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கி என்பது சினிமாவில் பார்ப்பது என்றிருந்த நாட்டில், காலைப் பேப்பரை எடுத்தால் யாரையாவது சுட்ட செய்தி இருந்தது.

காரணமும் தயாராக இருந்தது. 1969 மே கலவரத்தை ஒட்டி வந்த அவசரகால ஒழுங்குச் சட்டத்தின்படி, சந்தேகப்பட்ட ஆளை வழக்கும் விசாரணையும் இல்லாமல் இரண்டு ஆண்டுகள் அடைத்து வைக்கலாம். முடிந்ததும் நீட்டிக்கலாம். ஜொகூரில் இருக்கும் சிம்பாங் ரெங்கம் முகாமுக்குப் போன பையன்களின் அம்மாக்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. பினாங்கிலிருந்து பஸ் ஏறிப் பார்த்துவிட்டு வருவார்கள். 2011 கடைசியில் நாடாளுமன்றம் அவசரகாலப் பிரகடனங்களை நீக்கியது. 2012இல் அந்தச் சட்டம் காலாவதியாகி, அடைபட்டவர்கள் வெளியே வந்தார்கள். “அவனுங்கள வெளிய விட்டாங்க, அதான் நாடு இப்படி ஆச்சு” என்பதே 2013இன் பேச்சு. போலீசும் அதையே சொன்னது, அமைச்சரும் அதையே சொன்னார். நாற்பது ஆண்டுகளாக வழக்கு நடத்தி நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லாமல் பழகிய ஒரு துறைக்குத் துப்புத் துலக்கும் பழக்கம் எங்கே போயிருக்கும் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. என் அம்மாவின் ரிப்போர்ட்டை நினைத்தபோது எனக்கு அந்தக் கேள்விதான் வந்தது.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. அரசாங்கக் கணக்கின்படி அந்த ஆண்டுகளில் குற்றக் குறியீட்டு எண் இறங்கிக்கொண்டிருந்தது. அதை ஒருவரும் நம்பவில்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான் என்று பின்னாளில் படித்தேன். அங்கே 1990களின் தொடக்கத்துக்குப் பிறகு வன்முறைக் குற்றங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. ஆனாலும் கேலப் நிறுவனம் கேட்கும் ஆண்டுகளில் பெரும்பாலும், “போன வருஷத்தைவிடக் கூடித்தான் இருக்கிறது” என்றே அதிகம் பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா விழுந்து கிடந்தால் எந்த எண்ணும் காதில் ஏறாது. மனிதர்கள் அப்படித்தான். ஆனால் சட்டத்தை அந்த மனநிலையில் எழுதக் கூடாது.

ஆகஸ்டு நடுவில் ‘ஓப்ஸ் சந்தாஸ் காஸ்’ என்ற பெயரில் நாடு முழுக்க வேட்டை தொடங்கியது. சாலைத் தடுப்புகள், சோதனைகள், கைதுகள். ஆகஸ்டு 19, திங்கட்கிழமை அதிகாலையில் சுங்கை நிபோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குள் போலீஸ் போனது. ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஐவரும் இந்தியர்கள்.

நாங்கள் இருந்த அடுக்குமாடி அங்கிருந்து தொலைவில்லை. எனக்குச் சத்தம் கேட்கவில்லை. கேட்ட சிலர் பட்டாசு என்று நினைத்துப் புரண்டு படுத்துக்கொண்டார்களாம். ஹரி ராயா முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. சீனர்களின் ஏழாம் மாதம் வேறு. பசித்த ஆவிகளுக்குப் பூசை போட்டு, தெருமுனையில் மேடை கட்டிப் பாட்டும் கூத்துமாக இருக்கும் காலம். பள்ளிக்கூடம் போகும் வழியில் போலீஸ் வண்டிகளையும் கும்பலையும் பார்த்தபோதுதான் ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்தது.

ஆசிரியர் அறையில் தேநீர் நேரத்தில் அதே பேச்சு. “அஞ்சு பேரா? நல்ல காரியம் பண்ணாங்க.” “இன்னும் நாலு இடத்துல இப்படிப் பண்ணா நாடு சுத்தமாயிடும்.” சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். போலீஸ் தரப்பு, கொல்லப்பட்ட ஐவரும் ‘ஸீரோ ஃபோர்’ என்ற குண்டர் கும்பலைச் சேர்ந்தவர்கள், கொலைகளில் தேடப்பட்டவர்கள், முதலில் சுட்டதும் அவர்களே என்றது. உறவினர்கள் அதை ஏற்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று சொல்ல அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. உயிரோடு இருந்த எல்லாரும் ஒரே தரப்பினர். இப்படிப்பட்ட ஒரு சாவுக்குத் திறந்த விசாரணை வேண்டும் என்று கேட்பது குண்டர்களுக்குப் பரிந்து பேசுவது ஆகிவிடும் என்று அந்த அறையில் முடிவாகியிருந்தது. “அவர்கள்தான் அந்தக் கொலைகளைச் செய்தார்கள் என்றால், கொலையுண்டவர்களின் வீட்டாருக்காவது கோர்ட்டில் அதைக் கேட்கும் உரிமை உண்டே, ஏவியவன் யார், காசு கொடுத்தவன் யார் என்று இனி எப்படித் தெரியும்?” என்றேன். மணி அடித்தது, எழுந்து போனார்கள்.

வீட்டில் அம்மா டிவி செய்தியைப் பார்த்துவிட்டு, “நல்லது” என்று மட்டும் சொன்னார். அவரோடு நான் வாதாடவில்லை. அம்மாவுக்கு அப்படிச் சொல்ல உரிமை இருந்தது. வலி பட்டவர் பழி கேட்கலாம். அரசாங்கம் கேட்கக் கூடாது. அந்த ஆண்டு முழுக்க என்னை அரித்தது இதுதான்: என் அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னதை, நாட்டின் பெரிய பதவிகளில் இருந்தவர்கள் மேடையில் நின்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

மாலையில் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடத்தில் இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்திக்கொண்டிருந்தேன். அக்டோபரில் பிஎம்ஆர் பரீட்சை. வழக்கமாக அடக்க முடியாத கூட்டம். அந்த வாரம் பையன்கள் பேசவே இல்லை. பெண் பிள்ளைகள்தான் பேசினார்கள். ஒருவன் மட்டும் கணக்குப் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல் கேட்டான்: “டீச்சர், தூங்கிட்டு இருக்கிற வீட்டுக்குள்ள போலீஸ் வந்தா என்ன பண்ணணும்?” கையை மேலே தூக்கு, ஓடாதே, எதையும் கையில் எடுக்காதே என்று சொன்னேன். பதினைந்து வயதுப் பையனுக்கு அல்ஜீப்ராவுக்கு நடுவில் அதையும் சொல்லிக் கொடுத்தேன்.

அந்த மாதக் கடைசியில் உள்துறை அமைச்சு ஒரு பட்டியலை வெளியிட்டது. தடை செய்யப்பட்ட 49 கும்பல்கள். உறுப்பினர்கள் நாற்பதாயிரத்துக்கு மேல். அதில் இந்தியர்கள் 71 விழுக்காடு. நாட்டின் மக்கள்தொகையில் நாங்கள் அப்போது ஏழு விழுக்காடு. அந்தப் பட்டியலில் பொய் இருந்தது என்று சொல்ல மாட்டேன். கும்பல்கள் இருந்தன. எண் பொறித்த சட்டையோடு சாவு ஊர்வலம் போவதை நானே டத்தோ கிராமாட் பக்கம் பார்த்திருக்கிறேன். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நிற்பார்கள். ஆனால் எப்படி வந்தது இந்த 71? ரப்பர்த் தோட்டம் துண்டாடப்பட்டது, வீடும் வேலையும் ஒரே நாளில் போயிற்று, லயத்தில் பிறந்தவர்கள் பட்டணத்து அடுக்குமாடியில் வந்து ஒண்டினார்கள். இங்கேயே, சுங்கை நிபோங்குக்குச் சற்று வடக்கே, மாடு கட்டிப் பால் கறந்து வாழ்ந்த கம்போங் புவா பாலா 2009இல் இடிக்கப்பட்டதை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பாவுக்கு வேலையும் பள்ளிக்கூடத்தில் மரியாதையும் இல்லாத பையனிடம் ஓர் எண்ணைக் கொடுத்து, “இனி உன்னை எவனும் தொட மாட்டான்” என்று ஒருவன் சொல்கிறான். அந்த எண்களும் எங்கள் எண்கள் இல்லை. பழைய சீன ரகசியச் சங்கங்களின் எண்கள் அவை.

இந்த ஊருக்கு அந்தச் சங்கங்கள் புதியவை அல்ல. 1867 ஆகஸ்டில் கீ ஹின் சங்கமும் தோ பே கோங் சங்கமும் ஜார்ஜ் டவுனைப் பத்து நாள் போர்க்களமாக்கின. அவற்றோடு கூட்டுச் சேர்ந்த வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடிக் கூட்டங்களில் மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும் இருந்தார்கள். பீரங்கி வெடித்த கதையோடுதான் லெபோ கேனன் இன்றும் இருக்கிறது. கலவரம் அடங்கியபின் ஆங்கிலேய அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. எல்லாத் தரப்பையும் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கி, 1868இல் அறிக்கை வெளியிட்டது. அந்த அரசின் மேல் எனக்குப் பிரியம் ஒன்றும் இல்லை. எங்கள் தாத்தாக்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த அரசுதான் அது. ஆனாலும் என்ன நடந்தது என்று வெளியில் வைத்துக் கேட்க வேண்டும் என்ற அளவுக்காவது அதற்குத் தோன்றியது.

பட்டியலின் விளைவு எங்கள் ப்ளாக்கில் சில வாரத்திலேயே தெரிந்தது. எட்டாவது மாடிப் பையன், எஸ்பிஎம் பரீட்சை எழுத இருந்தவன், ராத்திரியில் ஒரு நாசி கண்டார் கடையில் தட்டுக் கழுவும் வேலை பார்த்தான். வேலை முடிந்து மோட்டாரில் வரும்போது சாலைத் தடுப்பில் நிறுத்தினார்கள். ஐசி காட்டினான், லைசென்ஸ் காட்டினான். சட்டையைக் கழற்று என்றார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்த வருஷம் தோளில் வேல் பச்சை குத்தியிருந்தான். டார்ச் வெளிச்சத்தை அதன் மேல் அடித்து ஒருவர், “எந்த நம்பர்?” என்று கேட்டார். நம்பர் இல்லை, முருகன் என்று சொல்லியிருக்கிறான். ராத்திரி முழுக்க லொக்காப்பில் வைத்து, காலையில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவன் அம்மா என்னிடம் சொல்லும்போது கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: “அந்தப் பச்சைய அழிக்க எவ்வளவு செலவாகும் டீச்சர்?” பதினேழு வயதுப் பிள்ளை எரிந்த காகிதம் மாதிரி சுருண்டு உட்கார்ந்திருந்தான். பாத்திரத்தில் தேய்ந்த விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி இருந்தன.

லொக்காப் என்ற சொல்லுக்கு அந்த ஆண்டு வேறு பாரம் இருந்தது. மே 21இல் கோலாலம்பூர் போலீஸ் தலைமையகத்தில் தர்மேந்திரன் இறந்திருந்தார். பதினொரு நாள் கழித்துத் தம்பினில் கருணா நிதி. அதற்கு முன்பே, 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் குகன், இருபத்திரண்டு வயது. நுரையீரலில் நீர் கோத்து இறந்தான் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பம் விடாப்பிடியாக நின்று இரண்டாவது பரிசோதனை செய்ய வைத்தது. அடித்ததில் சிறுநீரகம் செயலிழந்தது என்று அது சொன்னது. 2013 ஜூனில் உயர் நீதிமன்றம் குகனின் தாய்க்கு எட்டு லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு விதித்தது. நாலரை ஆண்டுப் போராட்டம். உடம்பில் அத்தனை காயங்கள் இருந்த ஒரு வழக்குக்கே அவ்வளவு காலம்.

அக்டோபரில் அப்போதைய உள்துறை அமைச்சர் அகமட் சாஹிட் ஹமிடி மலாக்காவில் பேசியது வெளியே வந்தது. ஆதாரம் கிடைத்தால் இனி எச்சரிக்கை தேவையில்லை, முதலில் சுடுவோம் என்ற பொருளில் பேசியிருந்தார். குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, விசாரணையில்லாக் காவலை வேறு பெயரில் மீண்டும் கொண்டுவந்தார்கள். கண்டித்து எழுதினவர்கள் இருந்தார்கள். வழக்கறிஞர்கள், சுவாராம் மனித உரிமை அமைப்பு, சில எம்பிக்கள். எங்கள் ப்ளாக்கில் கைதட்டல்தான் அதிகம்.

அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில், ட்ரேவோன் மார்ட்டின் என்ற கறுப்பினப் பையனைச் சுட்டுக் கொன்ற ஆளை ஃபுளோரிடா கோர்ட் விடுவித்தது. அதிலிருந்து ஓர் இயக்கம் பிறந்தது. மறு ஆண்டு ஃபெர்குசன் நகரம் கொந்தளித்தது. போலீசால் ஆண்டுக்கு எத்தனை பேர் சாகிறார்கள் என்ற முழுக் கணக்கு அரசிடமே இல்லை என்று தெரிந்ததும், 2015இல் வாஷிங்டன் போஸ்ட் தானே எண்ணத் தொடங்கியது. சுடப்பட்டுச் சாகிறவர்கள் மட்டும் ஆண்டுக்கு ஆயிரம் பேரளவில் என்று வந்தது. 2020இல் போலீஸ் பிடியில் இறந்த ஜார்ஜ் ஃபிளாய்டுக்காக எங்கள் ஊர்க்காரர்களும் உருகிப் பதிவு போட்டார்கள். மறு ஆண்டு ஏப்ரலில், கோம்பாக் பலாய் லொக்காப்பில் வைக்கப்பட்டிருந்த பால் வியாபாரி கணபதி செலாயாங் ஆஸ்பத்திரியில் இறந்தார். அப்போதுதான் இரண்டுக்கும் இடையில் கோடு போட்டுப் பார்த்தவர்கள் கொஞ்சம் அதிகமானார்கள் என்று நினைக்கிறேன். போலீஸ் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்று 2005இலேயே அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்திருந்தது. 125 பரிந்துரைகளில் அது முக்கியமானது. 2023இல் ஓர் ஆணையம் செயலுக்கு வந்தது. கேட்டதைவிடப் பலம் குறைந்த ஒன்று.

எட்டாவது மாடிப் பையன் எஸ்பிஎம் எழுதினான். பச்சையை அழிக்க வேண்டாம் என்று நான் அவன் அம்மாவைக் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். என் அம்மா 2016இல் காலமானார்.

அந்த 2013 நவம்பரில், பரீட்சை முடிந்த கையோடு, டியூஷன் கூடத்தில் வேறொரு பாடம் வைத்தேன். மலேசிய வழக்கறிஞர் மன்றம் வெளியிட்ட ‘சிவப்புப் புத்தகம்’ என்ற சிறு கையேடு. போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்லலாம், கைதா இல்லையா என்று எப்படிக் கேட்பது, கைது என்றால் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் போன் செய்யும் உரிமை, இருபத்து நாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டிய கட்டாயம். அதை வரி வரியாகப் படித்தோம். பையன்கள் இரண்டு இரண்டு பேராக நின்று ஒத்திகை பார்த்தார்கள்.

இரண்டாவது வாரம் ஒரு தகப்பனார் கூடத்துக்குள் வந்தார். லாரி ஓட்டுகிறவர், நல்ல மனிதர், கோபமாக இருந்தார். “போலீஸ்காரன்கிட்ட அட்டையக் காட்டுன்னு கேட்டா அடிதான் விழும் டீச்சர். பிள்ளைங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்து மாட்டி விடாதீங்க.”

“விழலாம் அண்ணே. அதனாலதான் கேக்கிற விதத்தையும் சேத்துச் சொல்லிக் குடுக்கிறேன்” என்றேன். மோட்டாரை நிறுத்து, ஹெல்மெட்டைக் கழற்று, இரண்டு கையும் தெரியும்படி வை, குரலை உயர்த்தாதே, “துவான், போலே சாயா தெங்ஙோக் காட் குவாசா?” ஐயா, உங்கள் அதிகார அட்டையைப் பார்க்கலாமா என்று கேள். இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும் என்றால் நீல அட்டை. அதற்குக் கீழே மஞ்சள். ரிசர்வ் போலீஸ் என்றால் வெள்ளை.

அவர் சற்று நேரம் நின்றார். பிறகு பின்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: “சிவப்பு அட்டையக் காட்டினா?”

“வேலையிலிருந்து நிறுத்தி வெச்சிருக்கிற ஆளு. அவருக்கு உங்க மேல எந்த அதிகாரமும் இல்ல. அங்க நிக்காதீங்க, போய்க்கிட்டே இருங்க.”